எடை மெஷினை உள்ளே வையுங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பள்ளியின் உடல்நல ஆசிரியராக உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று போனில் சொன்னீர்கள். பள்ளிக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு ஆசிரியர்கள், வாரம் ஒரு வகுப்பு, 11 தலைப்புகள். பயிற்சிக்குப் போய்க் கையேட்டோடு வந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, உயரமும் எடையும் பார்த்து, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. போட்டு, சிவப்பு மஞ்சள் பச்சை வைத்துச் சார்ட் ஒட்டப் போகிறேன் என்றும் சொன்னீர்கள். "நாப்பது கேள்விக்கு ஒரு ஃபார்ம் இருந்தா அனுப்புங்க டீச்சர்" என்றீர்கள்.

ஃபார்ம் அனுப்பவில்லை. உங்களைப் போல இந்த வேலை தலையில் விழுந்த ஆசிரியர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த எடை மெஷினை ஆபீஸ் ரூமிலேயே விட்டுவிடுங்கள். நமக்கு மனப்பாடமாக இருக்கும் 18.5, 25 எல்லாம் பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. எல்லைகள். வளரும் பிள்ளைக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயதுவரைக்கும் அதைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. பெண் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே விறுவிறுவென்று வளர்ந்துவிடுவார்கள். பையன்களுக்கு அது இரண்டு வருஷம் தள்ளி வரும். ஒன்பதாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் வளர்ச்சியில் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள். அவர்களை ஒரே சார்ட்டில் போட்டால் வருவது அறிவியல் இல்லை, வெறும் கலர். எடை பார்க்கத்தான் அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு வருகிறதே, அவர்கள் தனியாகக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். அன்று காலை வரிசையில் ஒரு பையனுக்கு "நோஞ்சான்" என்றோ ஒரு பெண்ணுக்கு "குண்டு" என்றோ பெயர் விழுந்தால், பிளஸ் டூ முடிந்து டி.சி. வாங்கும்வரை அந்தப் பெயர் போகாது. அந்தப் பெண் அடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடுவாள். நாம் உடல்நல வகுப்பு எடுத்ததன் பலன் அதுவாக இருக்கக் கூடாது.

பிறகு என்னதான் செய்வது? ஆளுக்கு ஒரு பழைய ரஃப் நோட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஏழு நாள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தேன், காலையில் எத்தனைக்கு எழுந்தேன். காலையில் என்ன சாப்பிட்டேன். எத்தனை தடவை தண்ணீர் குடித்தேன், எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனேன். மூச்சு வாங்குகிற அளவுக்கு எவ்வளவு நேரம் நடந்தேன் அல்லது ஓடினேன். போனைக் கடைசியாக எப்போது கீழே வைத்தேன். அவ்வளவுதான். "நன்று, சுமார், மோசம்" என்று போட வேண்டாம். மணியும் எண்ணிக்கையும் போதும்.

இதில் ஒரே ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: அந்த நோட்டை நீங்கள் வாங்கிப் பார்க்கக் கூடாது. திருத்தவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். வாத்தியார் பார்ப்பார் என்று தெரிந்த நொடியிலேயே "காலை: பால், முட்டை, கீரை, இரவு 9 மணிக்கு உறக்கம்" என்று எழுதிவிடுவார்கள். நம் பிள்ளைகள் மாதிரி விடை எழுதுவதில் கெட்டிக்காரர்கள், அதை நாம்தானே பழக்கினோம். எட்டாம் நாள் வகுப்பில், விருப்பப்பட்டவர்கள் பேரில்லாத துண்டுச் சீட்டில் ஏதாவது இரண்டு வரி எழுதிப் பெட்டியில் போடட்டும். அது போதும். ஆனால் அந்தச் சீட்டுகளைப் படிக்கும்போது கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, பள்ளிக்கூடத்தின் பழக்கமாக இருக்கும்.

தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். கிராமத்திலிருந்து வருவதென்றால் ஏழு மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். அதனால் ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். சாயங்காலம் ஸ்டடி, அதற்கப்புறம் டியூஷன், வீட்டுப்பாடம். படுக்கப் பதினொன்று. கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரம். போனைத் தொடாத நல்ல பிள்ளைக்கே அவ்வளவுதான். இதில் உடம்பும் எதிர்க்கட்சி. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். ஒன்பதரைக்கே படுக்கச் சொன்னாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்குகிறான் என்று அம்மாக்கள் புலம்புவார்கள். வாரம் முழுக்க விட்டதை அன்றைக்குப் பிடிக்கிறான்.

போனுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "போன் பார்க்காதே" என்று நீங்கள் சொல்லி ஒருவரும் நிறுத்தப் போவதில்லை. சார்ஜரைப் படுக்கிற இடத்திலிருந்து எடுத்து நடையிலோ டி.வி. பக்கத்திலோ செருகச் சொல்லுங்கள். எழுப்புவதற்கு அலாரம் வேண்டுமென்றால் அங்கிருந்தே அடிக்கட்டும், எழுந்துபோய்த்தான் நிறுத்த வேண்டியிருக்கும். படுக்கிற நேரத்தை ஒரேயடியாக இழுக்காமல், சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்தால் உடம்பு ஒத்துழைக்கும்.

காலைச் சாப்பாட்டு வரியில் நிறையப் பேர் கோடு போட்டிருப்பார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆக, உடம்பு அதிகம் கேட்கிற வயதில் தட்டு ஒவ்வொன்றாக விலகிப் போகிறது. பிளஸ் ஒன் பிள்ளை வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, இன்டர்வெல்லில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிறது. இங்கே நீங்கள் சமச்சீர் உணவுப் படத்தைக் காட்டி பாதாம், ஓட்ஸ் என்று ஆரம்பித்தால் பாதி வகுப்பு அன்றோடு உங்களை விட்டுவிடும். பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் காலைச் சாப்பாடுதான். கம்பங்கூழும்தான். அதைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இருப்பார்கள். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கூல்டிரிங்ஸ் பற்றிப் பிரசங்கம் வேண்டாம், கணக்குப் பீரியடாக ஆக்கிவிடுங்கள். காலிப் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று இருந்தால், 250 மில்லிக்கு 25 கிராமைத் தாண்டும். நாலால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை டீஸ்பூன் என்று வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பரீட்சைக்கு முன்னால் எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு வருகிற பையன்கள் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள். அந்தப் பாட்டிலில் பொடி எழுத்தில் "குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை" என்று இருக்கும், கண்டுபிடிக்கிறவருக்குக் கைதட்டல்.

இரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பையன்களில் 31.1. மூன்றாம் பெஞ்சில் மதியம் தலை சாய்க்கிற பெண்ணை "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேயரில் மயங்கி விழுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருப்பது, எதில் சந்தேகம் வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு.

வாரா வாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அது எங்கே போகிறது என்று காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும். பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அடுத்த நாள் மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுவார்கள். கறுப்பாகப் போவது சகஜம், அதில் ஆபத்தில்லை என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். டீயோடு வேண்டாம், டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். கொய்யாவோ நெல்லிக்காயோ கூடச் சாப்பிட்டால் இரும்பு நன்றாக ஏறும். பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளையும் தவற விட வேண்டாம், குடற்புழு இருக்கும்வரை இரத்தம் ஊறுவது கஷ்டம்.

இப்போது அந்த நோட்டின் மூன்றாவது வரி. பெண் பிள்ளைகளின் சீட்டில் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை "தண்ணீர் 1, ஒண்ணுக்கு 0" என்று வரும். ஒன்றிரண்டு பேர் அல்ல. கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதில்லை. தாழ்ப்பாள் இல்லை, பக்கெட் இல்லை, மாதவிடாய் நாளில் துணியைப் போட இடமில்லை, வகுப்பு நடுவில் கேட்டால் "இப்பத்தானே இன்டர்வெல் விட்டோம்" என்று எல்லார் முன்னாலும் பதில். மதியத் தலைவலியும் நீர்க்கடுப்பும் இதில்தான் தொடங்குகின்றன. தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்கும், கேரளப் பள்ளிகளில் 2019-ல் பரவிய வாட்டர் பெல் நம்ம பக்கமும் வந்துவிட்டது. மணி அடிப்பது சுலபம். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வர வைப்பதுதான் வேலை. எனவே நோட்டு எழுதச் சொல்வதற்கு முன்பே ஹெச்.எம்.மிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். குழுவில் இருக்கும் அம்மாக்கள் இந்த விஷயத்தில் உங்களைவிட நன்றாகச் சண்டை போடுவார்கள்.

ஓட்டம் ஆட்டம் பற்றி ஒன்றுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதும், அது திரும்பி வராததும் நமக்குத் தெரிந்த கதை. (நீங்கள் கணக்கு எடுக்கிறவர் என்பதும் எனக்குத் தெரியும்.) பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து பேக்கைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மாறிவிடுகிறார்கள், அவர்களுக்கும் ஒரு பந்து தனியாகக் கொடுங்கள். பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் கணக்கில் சேரும். அதை அவர்களே எழுதட்டும்.

ஏழு நாள் முடிந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுதான். ஐந்தையும் மாற்றுகிறேன் என்று எழுந்து நிற்கும் பிள்ளையை உட்கார வையுங்கள், அவன் புதன்கிழமை விட்டுவிடுவான். "காலையில் கிளம்பும்போது இரண்டு வாய் சோறு", "சார்ஜரை நடையில் போடுவது" என்ற அளவில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அதே நோட்டை மறுபடியும் ஏழு நாள் எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிட்டு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாறவில்லையென்றால் ஏன் முடியவில்லை என்று பெட்டியில் போடலாம். அந்தச் சீட்டுகள்தான் உங்களுக்கு அடுத்த வகுப்புக்குப் பாடம்.

சில சீட்டுகளில் தூக்கத்தையும் தண்ணீரையும் தாண்டி வேறு ஏதாவது வரும். உதட்டுக்குள் ஒதுக்கும் போதைப் பாக்கு, வீட்டில் அடி, சாக வேண்டும் போல இருக்கிறது என்ற வரி. கையெழுத்தை வைத்துத் துப்பறிந்து வகுப்பில் நிறுத்தாதீர்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டையும் கரும்பலகையின் மூலையில் முதல் நாளே எழுதி, அழிக்காமல் வையுங்கள். தனியாக வந்து பேசுகிற பிள்ளையிடம் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் சட்டப்படி நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். கூட இருக்கும் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெண் பிள்ளைகள் அவரிடம்தான் வருவார்கள்.

காலாண்டுப் பரீட்சை நெருங்கினால் யாரும் எதையும் எழுத மாட்டார்கள், ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். மேலிருந்து போட்டோ கேட்பார்கள், பதிவேடு கேட்பார்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள், போட்டோவுக்குப் பெட்டியை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்வதற்கு முந்தின வாரம் நீங்களும் உங்களுக்கு ஒரு நோட்டு எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் டீச்சர்