சரிவு எந்த மாதம் என்று கேட்காதே, ஐயா

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ தொலைபேசியில் சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு பங்குச் சந்தை சரியும், வீட்டு விலையும் இறங்கும் என்று யாரோ ஒரு நிபுணர் அடித்துச் சொல்கிறாராம். விலை அடிமட்டத்துக்கு வந்ததும் கோலாலம்பூரில் இரண்டு கொண்டோ அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறாயாம், முழுக்கக் கடனில். ஐயா, சரிவு வராது என்று நான் சொல்லவில்லை. எந்த மாதம் வரும் என்று சொல்கிறவரைத்தான் நம்பாதே என்கிறேன்.

1993-இல் நீ கைக்குழந்தை. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இடைவேளைத் தேநீர் ஆறிப்போகும். எல்லார் கண்ணும் நாளிதழின் பங்கு விலைப் பக்கத்தில் இருக்கும். தோட்டத்து எழுத்தரான கிராணிகூட ஈப்போவுக்குப் பஸ் ஏறி, தரகு நிறுவனத்தின் விலைப்பலகை முன் நிற்பார். இது தாங்காது என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. 1994 ஜனவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,314 புள்ளிகளைத் தொட்டு இறங்கியபோது, சொன்னது பலித்தது என்றார்கள். ஆனால் 1997 தொடக்கத்தில் அது மறுபடி 1,250-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஜூலையில் தாய்லாந்தின் நாணயமான பாட் விழுந்தது, பின்னாலேயே நம் வெள்ளியும், அதாவது ரிங்கிட்டும். 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி குறியீடு 262. மறுநாள் அரசாங்கம் டாலருக்கு 3.80 என்று வெள்ளியை நிலைநிறுத்தியது. ஆண்டு முடிவில் குறியீடு 586. அடிமட்டம் அந்த நாள்தான் என்று அன்று எவருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டு மாமாவை உனக்கு நினைவிருக்கும். அவர் வாங்கிய பங்குகள் மோசமானவை அல்ல. பின்னாளில் விலை ஏறவும் செய்தன. ஆனால் கடனில் வாங்கியிருந்தார். விலை இறங்க இறங்க, ஈடு போதவில்லை, பணம் கட்டு என்று கடன் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. கட்ட முடியவில்லை. அத்தனையையும் அடிவிலைக்கு விற்றுக் கடனை எடுத்துக்கொண்டார்கள். மாமியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது.

அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த கிரீன்ஸ்பான், பங்கு விலைகள் மிகையாக ஏறியிருக்கலாம் என்று 1996 டிசம்பரிலேயே எச்சரித்தார். ஆனால் அங்கே நாஸ்டாக் பங்குக் குறியீடு உச்சம் தொட்டது 2000 மார்ச்சில். ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சத்தை மீண்டும் எட்ட 2024 ஆனது. ஆகவே, பொறுத்திருந்தால் ஏறிவிடும் என்பதற்கும் உறுதியில்லை.

வீடு இன்னும் சிக்கல். அதற்குத் தினசரி விலை கிடையாது. விற்பனைப் பலகை ஆண்டுக்கணக்கில் தொங்கும், விற்பவர் மட்டும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருப்பார். நீ காத்திருக்கும் அந்த மலிவான காலத்தில் உன் வேலை நிலைக்குமா? வங்கி கடன் தருமா? 1998-இல் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது.

நீ குடியிருக்க ஒரே ஒரு வீடு வாங்கு; அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். வட்டி இரண்டு விழுக்காடு ஏறினால் தவணை எவ்வளவு, சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் கட்ட முடியுமா, சேமநிதியிலிருந்து எவ்வளவு எடுக்கப் போகிறாய் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வா. அப்பாவும் இருப்பார், மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா