சோடா விற்ற பையனும் பல்லாவரத்து கேப்டனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘திமிரு’, ‘பிகில்’ என்று அவர் நடித்த படங்களின் பெயரெல்லாம் சரியாக இருந்தது. பந்தைத்தான் காணோம்.

1990-இல் நான் திருச்சூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்தேன். ஃபெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் அந்த ஊரில்தான் நடந்தது. டூட்டியை மாற்றிக்கொண்டு ஓடினேன். கோவாவின் சால்கோகர் அணியை, விஜயன் ஆடிய கேரள போலீஸ் அணி 2-1 என்று வென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஆட்டத்தைவிட விஜயனைப் பற்றித்தான் அதிகம் பேசினார். இதே மைதானத்தில் சோடா விற்ற பையனாம், பாட்டிலுக்கு 10 பைசா கிடைக்குமாம். சொல்லும்போது ஏதோ சொந்தப் பேரனைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.

1999-இல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 விநாடியில் கோல் போட்டது அந்தப் பையன்தான். ஆடி முடித்ததும் போலீஸ் வேலை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2025-இல் பத்மஸ்ரீயும் வாங்கி, அதே வேலையில் ஓய்வும் பெற்றார். சினிமா நடுவில் வந்தது. அது இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் வந்திருக்கும்.

திருச்சூரில் அன்றைக்கு அதே கேரள போலீஸ் அணியின் தற்காப்பில் நின்றவர் வி.பி. சத்யன். கண்ணூர்க்காரர், பிறகு இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். அப்புறம் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் ஆடினார். முழங்கால் காயம் அவரை விடவேயில்லை. வங்கி வேலை இருந்தது, பெயர் இருந்தது. ஆனால் 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் மோதி இறந்துபோனார். வயது 41. நானும் ரயில்வேக்காரன், அந்தச் செய்தியை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. அடுத்த மாதமே ‘திமிரு’ வந்தது. விஜயன் திரையில் வந்ததும் தியேட்டரில் ஒரே விசில். எனக்கு திருச்சூர் மைதானம்தான் கண்முன் வந்தது, அதில் சத்யனும் நின்றார்.

விஜயனுக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள், சந்தோஷம். சத்யன் கடைசி வருஷங்களை நம் ஊரில்தான் கழித்தார். அவரோடு இந்தியன் வங்கிக்கு ஆடியவர்கள் சென்னையில் இன்னும் இருப்பார்கள். உங்கள் நிருபர் அவர்களை ஒரு முறை போய்ப் பார்த்து வரட்டும்.

– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்