வாரண்டியை நிறுத்தப்போவதாக எழுதியிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். தங்கையின் உடல்நிலை தேறிவருவதாக அண்ணன் சொன்னார். கேட்டு நிம்மதி அடைந்தேன். நம் பெயிண்டர் அண்ணன் உன்னை மிகவும் விசாரித்தார். அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றி இன்னமும் அதே கதையைத்தான் சொல்கிறார், நாங்களும் புதிதாகக் கேட்பதைப் போலவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நீ விற்ற பழைய வண்டியின் கியர்பாக்ஸ் தகராறில் அந்த வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று உன்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னது உன்னை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. வாங்கும் வண்டியின் அடிப்பாகத்தைப் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதவன் நீ. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதின் கோபத்தில், இனி யாருக்கும் வாரண்டி கிடையாது, வண்டி வாசலைத் தாண்டிவிட்டால் அவரவர் பாடு, எல்லாமே உள்ளது உள்ளபடி விற்பனைதான் என்று முடிவெடுத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதைச் சொல்வதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

பழைய வண்டி விற்கும் நம் தொழிலைப் பற்றிப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலையையே மனத்தில் வைத்துக்கொண்டு வருவான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், மோசமான வண்டிக்காரன் மகிழ்ச்சியோடு விற்பான். இப்படியே போனால் சந்தையில் மோசமான வண்டிகள் மட்டுமே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். இந்த நிலையை மாற்றக்கூடியவற்றுள் ஒன்றாக அவர் அதே கட்டுரையில் குறிப்பிடுவது விற்பவன் தரும் உத்தரவாதம். நீ வாரண்டியை எடுத்துவிட்டால், பொறுக்கி எடுத்து வாங்கும் உன்னையும், ஏலத்தில் கிடைத்ததை எல்லாம் மெழுகு தேய்த்து நிறுத்துபவனையும் பிரித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு என்ன வழி இருக்கிறது? உன் வண்டிக்கும் அவனுடைய வண்டிக்குக் கேட்கும் விலையைத்தான் கேட்பார்கள்.

சென்ற மாதம் எனக்கு வந்த ஒரு புகாரைச் சொல்கிறேன். ஒரு பெட்ரோல் வண்டியை வாங்கிச் சென்ற ஆசிரியை ஒருவர், காலையில் வண்டியைக் கிளப்பும்போது சைலன்ஸரிலிருந்து நீல நிறத்தில் புகை வருவதாகச் சொன்னார். அவருடைய உறவினரான மெக்கானிக் ஒருவர், எஞ்சின் போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆசிரியை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது, புகையே இல்லை. என் பையன்களில் ஒருவன், "எங்கே அம்மா புகை?" என்று கேட்க வாயெடுத்தான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். புகாரை அவர் கண்ட நிலையிலேயே நாமும் காண வேண்டும், இல்லாவிட்டால் நாம் செய்யும் சோதனைக்கு மதிப்பே கிடையாது. வண்டியை இரவு இங்கேயே விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் அவர் வரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அவரை வண்டியின் பின்னால் நிற்கச் சொல்லிக் கிளப்பினோம். அவர் சொன்னபடியே நீலப் புகை குப்பென்று வந்தது, சற்று நேரத்தில் நின்றுவிட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் செலவே இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வண்டி இழுக்கும்போதும் புகை வரும், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரெஷனும் குறையும். அவர் கண் முன்னாலேயே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே, இருக்க வேண்டிய அளவில் இருந்தன. ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் இறுகிப்போய், இரவில் சொட்டுச் சொட்டாக இறங்கும் ஆயில்தான் காலையில் முதலில் எரிகிறது என்று விளக்கினேன். பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வுகள் உள்ளே விழாமல் நிறுத்தி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமலேயே சீல்களை மாற்றிக் கொடுத்தோம். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தன்னுடன் வேலை பார்க்கும் ஒருவரை அடுத்த வாரமே என்னிடம் அனுப்பி வைத்தார்.

அந்தச் செலவு என் கையிலிருந்துதான் போனது. ஆனால் அவர் முதலில் போன் செய்தபோது நாம் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பார். வாடிக்கையாளர் கோபமாக வருவது பெரும்பாலும் வண்டியின் கோளாறுக்காக அல்ல, தான் ஏமாந்துவிட்டோமோ என்ற பயத்தினால்தான். ஆகவே புகார் வந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே நோட்டில் எழுதிக்கொள்வது. எப்போது வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடாக இருக்கும்போதா, எந்த கியரில், என்ன வேகத்தில், விளக்கு ஏதாவது எரிந்ததா, இடையில் வேறு யாராவது கை வைத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேதியும் கிலோமீட்டரும் குறித்து, அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டுகிறேன். நாம் எழுதிக்கொள்வதைப் பார்க்கும்போதே அவருடைய குரல் இறங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உன் விஷயத்தில் கோளாறு வாரண்டி கொடுத்ததில் இல்லை, அந்த வாரண்டி ஒரே வரியில் இருந்ததில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "எஞ்சின், கியர்பாக்ஸ் 3 மாதம்" என்று ரசீதின் ஓரத்தில் எழுதினால், கிளட்சும் அதற்குள் அடக்கம் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். அப்படி நினைப்பதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், பேட்டரி, வைப்பர் ஆகியவை ஓட ஓடத் தேய்பவை, இவை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கின்றன என்று வண்டியைக் கொடுக்கும்போதே தனித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உடைந்துபோவது வேறு, தேய்ந்துபோவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தகராறு எழாது. வாரண்டி தேதியோடு முடிகிறதா, கிலோமீட்டரோடு முடிகிறதா, எது முதலில் வந்தாலும் முடிகிறதா, வெளியூரில் நின்றுவிட்டால் யாரைக் கேட்டு யாரிடம் பழுது பார்ப்பது, பாகத்துக்கும் கூலிக்கும் நாம் தருவது முழுவதுமா, ஒரு பங்கா என்பவையும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பழைய ஹோஸ் வெடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வெளியேறுவது சிறு பழுதுதான்; ஆனால் வெப்பமானி முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வீடுவரை ஓட்டிச் சென்றால் ஹெட் வளைந்து அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விடும். ஹோஸ் நம் பொறுப்பு, அதற்குப் பிறகு ஓட்டிய தூரம் யாருடைய பொறுப்பு? இதை எழுதாமல் விட்டவர்கள் பட்ட பாட்டை நீயும் அறிவாய். சாவியைக் கையில் கொடுக்கும்போதே ஆயில் பிரஷர் விளக்கையும் வெப்பநிலை விளக்கையும் தொட்டுக் காட்டி, இவை இரண்டில் எது எரிந்தாலும் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்கிறேன். வண்டியின் கணினியில் ஸ்கேனர் போட்டு எடுத்த அறிக்கையையும் அவர் கையில் கொடுக்கிறேன். கோளாறைக் குறிக்கும் கோட் (code) எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. அந்தக் கோட்களைச் சமீபத்தில் அழித்திருந்தால் வண்டியின் சுயசோதனைகள் முடிவடையாத நிலையில் இருப்பதாக ஸ்கேனர் காட்டும். வாங்கும்போது அதைப் பார்க்காமல் விட்டால், அழிக்கப்பட்ட கோளாறு நம் வாரண்டிக் காலத்தில்தான் தலைகாட்டும்.

உள்ளது உள்ளபடி என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நீ நம்புவதும் எனக்குக் கவலை அளிக்கிறது. அது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 1985 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வாரண்டி உண்டா இல்லையா, பழுதுச் செலவில் விற்பவர் தருவது எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு பழைய வண்டியிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். அங்கேயும் சில மாநிலங்கள் வாரண்டி இல்லாத விற்பனையை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும்போதே கோளாறு இருந்திருந்தால் வாங்கியவர் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். அதன் பிறகும், 6 மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. ஒரு முறை பழுது பார்த்தும் சரியாகாவிட்டால் வண்டியை மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உன் ரசீதில் எந்த வாசகம் இருந்தாலும் அது செல்லாது. உன் வழக்கறிஞரிடம் இதை நேரில் கேட்டுக்கொள்.

வாரண்டி நிறுவனங்களிடம் காசு கட்டி அவர்கள் தலையில் ஏற்றிவிடலாம் என்று மாமா சொல்வாராமே. அதையும் முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய தாளை வரிவரியாகப் படி. அனுமதி பெறுவதற்கு முன்னால் எஞ்சினைப் பிரித்தால் பணம் கிடையாது, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த ரசீது இல்லாவிட்டால் கிடையாது, ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் உச்சவரம்பு என்றெல்லாம் அவற்றில் இருக்கும். அவர்கள் மறுத்துவிட்டால் வாடிக்கையாளர் வந்து நிற்கப்போவது உன் வாசலில்தான். என்னைக் கேட்டால், விற்கும் ஒவ்வொரு வண்டியின் லாபத்திலிருந்தும் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வை. புகார் வரும்போது சொந்தப் பணம் போவதாகத் தோன்றாது. அந்த எரிச்சல் இல்லாவிட்டாலே வாய்ப் பேச்சு தடிக்காது.

இப்போது அந்த கியர்பாக்ஸ்காரருக்கு வருகிறேன். ரிவர்ஸ் போடும்போது நறநறவென்று சத்தம், முதல் கியர் இறுக்கம் என்று எழுதியிருக்கிறாய். பெட்டியை இறக்கிப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் செய்து பார். எஞ்சினை அணைத்துவிட்டு கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். பிறகு எஞ்சின் ஓடும்போது கிளட்சை அடிவரை அழுத்தியபடி போட்டுப் பார். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் நறநறத்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸில் குற்றமில்லை, கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. கிளட்ச் ஆயிலின் அளவைப் பார், கீழே இருக்கும் சிறிய சிலிண்டர் கசிகிறதா என்று கையால் தடவிப் பார். அதுதான் என்றால் சிறு வேலை, நீயே செய்து கொடுத்துவிடு. கிளட்ச் செட்டே போயிருந்தால், ரசீதில் நீ அதைப் பிரித்து எழுதாததால் பாதிச் செலவையாவது ஏற்றுக்கொள், அது நியாயமும்கூட.

ஆனால் அவரே வரட்டும் என்று காத்திருக்காதே. அவர் சொன்ன சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, நீயே போன் செய்து, வண்டியைக் கொண்டுவாருங்கள், உங்கள் எதிரிலேயே பார்க்கிறேன் என்று கூப்பிடு. உன்னுடைய பழைய ரசீதில் ஒரு பிரதியையும் எனக்கு அனுப்பு. நான் பயன்படுத்தும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்து உனக்கென்று ஒன்று எழுதிவிடலாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல். அந்த வாடிக்கையாளர் வந்து போனதும், சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்