நாவலைப் படித்துவிட்டுப் பேச ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் நம் மலேசிய நாவலாசிரியர் ஒருவர் தன் வாசிப்பையும் எழுத்தையும் பற்றி எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். நாவல் வெளிவந்த பிறகு அதைப் படித்துவிட்டுப் பேச ஆளில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் மனதில் தைத்தது.

நம் நூல் வெளியீடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். வாசல் மேசையில் பணம் வைத்த உறையைக் கொடுக்கிறோம். வரவேற்புரை, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்குப் பொன்னாடை, அப்புறம் வரிசையில் நின்று நூலை வாங்கிக்கொண்டு ஒரு படம். அந்த உறைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் பல எழுத்தாளர்கள் அச்சுக் கூலியைக்கூடக் கட்ட முடியாது. ஆனால் அண்மையில் பட்டர்வொர்த்தில் நான் போயிருந்த ஒரு வெளியீட்டில், நூலாய்வு செய்ய வந்தவர் ஆசிரியரின் நற்குணங்களையே பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கதாநாயகியின் பெயர்கூட மேடையில் ஒலிக்கவில்லை. எழுதியவர் குறிப்பெடுக்கத் தாளும் பேனாவுமாக முன்வரிசையில் இருந்தார். கடைசிவரை ஒரு வரியும் எழுதவில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நாவலாசிரியர் ப. சிங்காரத்தை நினைத்துப் பாருங்கள். போர்க்கால இந்தோனேசிய நகரான மேடானையும் நம் பினாங்கையும் கண்முன் நிறுத்தும் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் நூலாக வந்தது. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறோம். வந்த காலத்தில் கண்டுகொண்டவர்கள் மிகச் சிலர். அதன் பிறகு 1997-இல் அவர் இறக்கும்வரை இன்னொரு நாவல் வரவே இல்லை. நாலு பேர் படித்துவிட்டுக் கடிதம் போட்டிருந்தால் எழுதியிருப்பாரோ என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

படித்துப் பேசுகிறவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். இங்கே அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு, தாம் நாவல் எழுதியதோடு நிற்காமல் பிறர் எழுத்தையும் ஊன்றிப் படித்து விமர்சனம் எழுதினார். படிக்காதவர் என்று நாம் நினைக்கும் தோட்டத்து மக்களும் சளைத்தவர்கள் அல்லர். என் அப்பா பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். ஞாயிறு கதை ஒன்றில் விடிய விடிய மழை பெய்த காலையில் எல்லோரும் மரம் வெட்டப் போவதைப் படித்துவிட்டு, "பட்டை ஈரமாக இருக்கும்போது எவன் வெட்டுவான்?" என்று பத்திரிகைக்கே எழுதிப்போட்டார். அந்த எழுத்தாளர் நன்றி சொல்லிப் பதில் போட்டதை அப்பா கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோன பிறகு, இப்படிப் பேச இருந்த இடங்களும் குறைந்துவிட்டன. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மலேசிய நாவல் ஒன்றைப் படித்த வாசகர்கள் அதில் எழுதட்டும். பாராட்டு மட்டும் வேண்டாம். எந்த அத்தியாயத்தில் கதை தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று வருவதையும் வெட்டாமல் போடுங்கள். எழுதியவர் பதில் சொல்ல விரும்பினால் அடுத்த வாரம் அதே இடத்தைக் கொடுங்கள்.

அன்புடன்,
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு