அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தெரிவுசெய்திருக்கிறாள் என்று வாசித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. ஆய்வுகூட யன்னல்களைச் சாத்திவைத்தே வேலை செய்கிறோம்.

வள்ளங்களில் விளக்கெரிக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரிகளை எங்கள் மாணவர்கள் மின்னிறக்கிச் சோதிப்பதைச் சென்ற முறை எழுதியிருந்தேன். முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும். பகலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்தாலும், இரவு ஒரு மணிக்குப் பின் எவரும் விழித்திருப்பதில்லை. வரைபில் அந்த இடைவெளியை அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நிரப்பினோம். அது நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது, வோல்ட்டை அளக்கும் பல்மானியின் (மல்டிமீற்றரின்) பின்புறமுள்ள ஈதர்நெட் துளையில் வயரைச் செருகி, அளவைக் கருவிகளோடு வலையமைப்பு வழியாகப் பேசும் எல்எக்ஸ்ஐ டூல்ஸ் என்ற திறந்த மூல நிரலை லினக்ஸ் மடிக்கணினியில் நிறுவியிருக்கிறேன். கட்டளை வரியில் கருவியின் ஐபி முகவரியையும் “நீ யார்?” என்று பொருள்படும் “*ஐடிஎன்?” என்ற கேள்வியையும் தட்டினால், தயாரித்த நிறுவனம், மாதிரி, தொடரிலக்கம், உள்மென்பொருள் பதிப்பு ஆகிய நான்கையும் காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்தக் கேள்வி 1987 ஆம் ஆண்டின் ஐஈஈஈ 488.2 நியமத்தில் வகுக்கப்பட்டது. அளவீட்டுக் கட்டளைகள், அளவைக் கருவிகளுக்கென 1990 இல் வந்த ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளை மொழிக்குரியவை. நாம் வளாகத்தில் படித்த காலத்தில் கருவிகளைக் கணினியோடு இணைத்த தடித்த ஜிபிஐபி வயரில் ஓடிய அதே சொற்கள் இன்று சாதாரண வலையமைப்பு வயரில் ஓடுகின்றன. கருவி செய்பவர்கள் இந்த ஒழுங்கைக் குலைக்காமல் காத்து வந்ததைப் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

ஆயினும் ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. “மெஷர்?” என்று கேட்டால் உடனே விடை வந்தது, இரைச்சலைக் குறைக்க 100 மின்சுழற்சிகளுக்கு அளக்கச் சொல்லிவிட்டு, அந்த அமைப்பிலேயே அளந்து சொல்லும்படி “ரீட்?” என்று கேட்டால் விடையே இல்லை. வயரை மாற்றினேன், பயனில்லை. பின்னர் தாளை எடுத்துக் கணக்கிட்டேன். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிசெக்கன். நூறு சுழற்சிக்கு 2 செக்கன். பல்மானி தன் பூச்சியத்தைச் சரிபார்க்க இன்னும் 2 செக்கன். நிரலோ, நாம் வேறு சொல்லாவிட்டால் 3 செக்கன்தான் காத்திருக்கும். “மெஷர்” கட்டளை நான் வைத்த அமைப்புகளைக் கலைத்துக் கருவியை இயல்புநிலைக்குக் கொண்டுபோவதால்தான் அவ்வளவு விரைவாக விடை வந்திருக்கிறது. காத்திருப்பை 10 செக்கனாக்கியதும் எண் வந்து நின்றது.

அன்றிரவே, நிமிடத்துக்கு ஒருமுறை அளவை நேரத்தோடு கோப்பில் எழுதும் சிறு நிரலை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வரைபை எடுத்துப் பார்த்தால், அதிகாலை மூன்று மணிக்குப் பின் வளைகோடு மடங்கிச் செங்குத்தாக இறங்கியிருந்தது. நாங்கள் இவ்வளவு காலமும் நேர்கோடு கீறிய அதே இடம். ஒரு மாணவி அந்த மடிப்பில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

அந்தக் கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். உன் ஆய்வுகூடத்து மின்வழங்கியின் பின்புறத்திலும் அப்படியொரு துளை இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்