அண்ணாவுக்கு: டிரெய்லர் விஷயமாக

அண்ணா,

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவின் முதல் வருசத் திதி. அதற்குள் இதை முடிக்க வேண்டும் என்று இருந்தேன், முடித்துவிட்டேன். அப்பா மாடு ஏற்றிப் போகிற டிரெய்லரைப் பட்டறையில் விட்டாயிற்று. பழுது பார்க்க அல்ல, வெட்டி எடைக்குப் போட. புதிதுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

போனில் பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் அப்புறம் பேசலாம் அம்மிணி" என்று வைத்துவிடுகிறாய். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று அண்ணி சொன்னாங்க. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் சொந்தத்தில் பாதிப் பேரும் படிக்கிறார்கள், தெரியும். பணக்கணக்கையும், சாங்கியத்தன்று பந்தலில் நீ சொன்ன வார்த்தையையும் நான் இங்கே தொடப் போவதில்லை. அண்ணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்பதை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.

"தகட்டு மேல இன்னொரு தகடு அடிச்சா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றாய். வெல்டிங் பிடிக்கத் தெரிந்தவன் நீ, உனக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அதன் அடியில் படுத்துப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது உனக்கு?

பட்டறைக்காரர் தரைத் தகட்டை முன்னாலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் ணங்கென்று கேட்டது. பின்கதவுப் பக்கம் போகப் போகப் பொத்துப் பொத்தென்றது. பின்னால் இருக்கிற குறுக்குச் சேனல் இரண்டிலும் துரு அப்பளம் மாதிரி உதிர்கிறது, ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்குகிறது. கொக்கியில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி நிற்கிற வண்டி அது. மாட்டு மூத்திரமும் சாணித் தண்ணியும் பின்னால்தான் வழியும். வழிந்து, நீ அடித்த தகட்டுக்கும் அதன் கீழே இருக்கிற பழைய தகட்டுக்கும் நடுவில் போய் நிற்கும். மேலே எத்தனை வெயில் அடித்தாலும் அந்த இடுக்கு காயாது. மேலே ரெட் ஆக்சைடு பூச்சு நன்றாகத் தெரிய, உள்ளே இரண்டு தகட்டையும் சேர்த்து அரித்திருக்கிறது. இன்னொரு தகடு அடித்திருந்தால் அதையும் அரித்திருக்கும்.

அதைவிட மோசம், முன்னால் கொக்கியில் மாட்டுகிற இழுவைச் சட்டம். சேஸிஸோடு சேருகிற மூலையில் ஒரு விரிசல். யாரோ மேலோடு வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள். விரிசல் முடிகிற இடத்தில் துளை போடவில்லை, வாயைத் தேய்த்து அகலப்படுத்தவும் இல்லை. வெல்டிங் அப்படியே இருக்கிறது, விரிசல் அதை ஒட்டியே புதிதாக ஓடியிருக்கிறது. வண்டிக்கு பிரேக்கும் இல்லை என்பது உனக்குத் தெரியும். இறக்கத்தில் மாடு ஏற்றிப் போகும்போது அந்தச் சட்டம் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

தரையையும், குறுக்குச் சேனலையும், இழுவைச் சட்டத்தையும் மாற்றினால் மிச்சம் ஆக்சிலும் நீளச் சேனல் இரண்டும்தான். அதற்குப் பிறகும் அதை அப்பா வண்டி என்றே சொல்வாயா?

கண்ணபுரம் சந்தைக்குப் போன அந்த ராத்திரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை வெயிலுக்கு முன்னால் இடம் பிடிக்க வேண்டுமென்று அப்பா நடுச்சாமத்திலேயே மாட்டை ஏற்றிவிட்டார். ஓலப்பாளையத்துக்கு முன்னாலேயே தகடு கிழிகிற சத்தம். மயிலைக் காளையின் பின்னங்கால் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே தொங்குகிறது, குளம்பு தார் ரோட்டைத் தொட நாலு விரல்தான் பாக்கி. அப்பா எப்படித்தான் சட்டென்று நிறுத்தினாரோ.

டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு நீ அடியில் புகுந்தாய். கிழிந்த ஓரம் பல்லுப் பல்லாகக் காலைக் கவ்விக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக ஏறியது. நீ தலைத்துண்டை அவிழ்த்து, தகட்டுக்கும் காலுக்கும் நடுவில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தாய். பிறகு குளம்பை உள்ளங்கையில் தாங்கி மேலே தள்ளினாய். "அசையாதே சாமி, அசையாதே சாமி" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாய். அது உதறியதில் தகடு உன் மணிக்கட்டைக் கிழித்தது. டார்ச் வெளிச்சத்தில் எது உன் ரத்தம், எது மாட்டு ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். கால் மேலே ஏறியதும் நீ அங்கேயே ரோட்டில் மல்லாந்து கிடந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், நீ என் தலையைத் தடவினாய். உன்னை மாதிரி ஒருத்தன் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன் அண்ணா. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சந்தையில் தரகர் துண்டுக்கடியில் அப்பாவின் விரலைப் பிடித்து விலை சொன்னபோது அப்பாவின் முகம் போன போக்கையும் நீ பார்த்தாய். நொண்டுகிற காளைக்கு யார் விலை வைப்பார்கள்? வீட்டுக்கு வந்து கையில் கட்டோடு நீயே தகடு வெட்டி அடித்தாய். முதல் ஒட்டு அதுதான்.

அந்தத் தழும்பு இன்னும் உன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "வெட்டாதே" என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? இன்னொரு தடவை தரை விட்டால் அடியில் புகுந்து குளம்பைத் தாங்க இங்கே யார் இருக்கிறார்கள்? நீ திருப்பூரில் இருக்கிறாய். இங்கே அம்மாவும் நானும்தான்.

உன்னைக் கேட்காமல் முன்பணம் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் கேட்டு நின்றிருப்பேன், ஐப்பசி மழைக்கும் அந்த வண்டியிலேயே மாட்டை ஏற்றிக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறேனே தவிர, முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

புதிது 12 அடிக்கு 6 அடி. 2016 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிற மோட்டார் வாகன விதிப்படி, மாடு ஏற்றுகிற வண்டியில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் தடுத்து விட வேண்டும். அப்பாவின் வண்டி 10 அடிக்கு 6 அடி. அந்தக் கணக்குக்கு இரண்டு மாடுதான் நிற்கலாம், நாம் ஐந்து ஏற்றினோம். இதில் மூன்று, தனித்தனித் தடுப்போடு. தரைக்குத் தகட்டின் மேல் கருவேலம் பலகை, இடைவெளி விட்டு. கழற்றி அடியில் கழுவிவிடலாம். அதற்கு மேல் கயிற்றுப் பாய். தரை வழுக்கக் கூடாது, மாடு என்ஜினைப் பார்த்து நிற்பது நல்லது என்று விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978 விதியிலேயே இருக்கிறது, அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டில் நெஞ்சு உயரம் வரை முழுத் தகடு, கம்பிக்குள் கொம்பு மாட்டாது. ஏற்ற இறக்கச் சாய்பலகையும் உண்டு, இனி மண்திட்டைத் தேடி வண்டியைப் பின்னால் தள்ள வேண்டாம். பிரேக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழையகோட்டை மாட்டுத் தாவணிக்கு (சந்தைக்கு) இந்த வண்டியில்தான் போகப் போகிறேன். விற்க இல்லை. கொரங்காட்டில், நம் மேய்ச்சல் நிலத்தில், புல் நன்றாக இருக்கிறது, ஒரு செவலைக் கிடாரி வாங்க வேண்டும்.

ஆர்.சி. இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. வண்டியை வெட்டினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் கேட்கிறார்கள். அம்மாவும் நானும் போட்டுவிட்டோம். ஆதார் நகலோடு வியாழக்கிழமையே வந்துவிடு. திதிக்கு வந்து, சாப்பிட்டு, சாயங்காலமே கிளம்பிவிடாதே.

பின்கதவை மட்டும் வெட்ட வேண்டாம் என்று பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். பதினொன்றாவது படிக்கும்போது நீ முதன்முதலாக வெல்டிங் பிடித்த கொண்டி அதில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் ஏற்றிக்கொண்டு போ. சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பார்.

உன் தங்கை