இடக்கையில் குழல், வலக்கையில் குச்சி: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் எட்டாம் வகுப்பு இசைப் பாடவேளைக்கு இடைக்கால ஐரோப்பிய நடன இசையை எடுத்திருக்கிறோம். வீட்டில் சில வாரம் குழல் கீச்சிடும், மேசை தட்டுப்படும். காரணம் தெரிந்தால் பொறுத்துக்கொள்வது எளிது.

வாசிக்கப்போவது 'எஸ்தாம்பி' என்ற நடன மெட்டு வகை. பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாடல் சுவடி ஒன்றின் வெற்றிடங்களில், பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்த எட்டு எஸ்தாம்பிகள் உள்ளன. மெட்டு மட்டும்தான்; எந்தக் கருவி என்ற குறிப்பே கிடையாது. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்க வேண்டும். முதல் முறை முடிவு தொங்கி நிற்கும், இரண்டாம் முறை நிலைக்கு வரும். இந்த இரண்டு முடிவுகளே எல்லாப் பகுதிக்கும் பொது. பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான்: முதல் முறையிலேயே முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவிவிடுவார்கள். முடிவுகளை மட்டும் தனியே பாடிப் பழகச் சொல்லுங்கள்.

கருவி, மூன்று துளைக் குழலும் சிறு முரசும். முன்னால் இரண்டு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. இடக்கை குழலைப் பிடிக்கும், அதே கையில் முரசு தொங்கும், வலக்கை அடிக்கும். ஒரே ஆள் முழு மேளம்! ஸ்பெயினின் காஸ்டிலிய மன்னர் பத்தாம் அல்போன்சோ காலத்துச் சுவடி ஓவியத்திலும் இந்த ஜோடி உண்டு. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் நாட்டிலும் தென் பிரான்சின் புரொவான்சிலும் இன்றும் வாசிக்கிறார்கள்.

மூன்று துளையில் எப்படி முழு ஸ்வரமும் வரும்? எல்லாத் துளையையும் மூடி ஊதினால் ச. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ம. மறுபடி மூடிச் சற்று அழுத்தி ஊதினால் ப. மெல்ல ஊதினால் ஒரு ஸ்தாயி கீழே மங்கலான ஒலிதான் வரும், அது பயன்படாது. ஆகவே "மெதுவா ஊது" என்று அதட்டினால் பிள்ளைக்கு ஸ்வரமே கிடைக்காது. ஊத வேறு நேரம் ஒதுக்குவதே நல்லது.

முதல் வாரம் குழல் வேண்டாம். திஸ்ர நடையில் (மும்மூன்றாக எண்ணி) வலக்கையால் தட்டிக்கொண்டே தெரிந்த பாட்டைப் பாடட்டும், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். குழலை ஊதுமுன் உள்ளங்கையில் சூடாக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த குழலில் மூச்சு நீராகி வாய்ப்பகுதியை அடைக்கும், ஒலி கம்மிப்போகும். ஒருவர் குழலை மற்றவர் ஊதக்கூடாது.

நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி கொண்ட ஷாம் என்ற கருவியை ஒலிப்பதிவில் மட்டும் கேட்பார்கள். அது திறந்தவெளிக்கானது, வகுப்பறை தாங்காது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்